விழுந்த பிறகாவது கேட்போம்

எங்கள் ஊரான சாலவாக்கத்துக் கழனிகளில் வரப்பு ஒரு முழ அகலம்கூட இருக்காது. ஐப்பசி மழையில் சேறாகி வழுக்கும். கால் வைக்கிற இடத்தில்தான் நண்டு வளை இருக்கும். என் பெரியப்பா அதன்மேல் தலையில் நாற்றுக்கட்டோடு, பின்னால் வரும் ஆளிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காமல் நடப்பார். சின்ன வயதில் அவர் பின்னாலேயே ஓடி நான் சேற்றில் விழுந்ததற்குக் கணக்கே கிடையாது. அவர் விழுந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு 74 வயதானபோது வீட்டு வாசலில் விழுந்தார். சிமென்ட் போட்ட சமதரை. ஈரமில்லை, தடுக்கிவிடக் கல்லும் இல்லை. “வயசாச்சு இல்ல” என்று சொல்லித் தூக்கி உட்காரவைத்தோம். இரண்டு மாதம் கழித்துக் கிணற்றடியில் விழுந்தார். “செருப்பு சரியில்ல” என்றோம். மூன்றாவது முறை, விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகும்போது விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. பதினோரு நாள் அங்கே இருந்தோம். எப்படி விழுந்தார் என்று கேட்டார்கள். ஏன் விழுந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஆனால் சொல்வதற்கு நிறைய இருந்தது. அதற்கு முந்தைய ஒன்றரை வருஷமாகவே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர், காட்டவில்லை என்று மறுபடியும் எழுந்து போவார். ரேஷன் கடைக்குப் போய்க் காலிப் பையோடு திரும்புவார். ஒரு நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, பிறந்ததிலிருந்து நடந்த பாதையில், வீட்டுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஆடு ஓட்டிவந்த பையனைக் கேட்டிருக்கிறார். இதையெல்லாம் நாங்கள் ஒரு கணக்கிலும், விழுந்ததை வேறு கணக்கிலும் வைத்திருந்தோம். இரண்டும் ஒரே கணக்கு என்பது, ஒரு நரம்பியல் மருத்துவர் ‘அல்சைமர்’ என்று எழுதிக்கொடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அல்சைமர் என்றால் மறதி, அதோடு சரி என்பதுதான் பொதுவாக எல்லோரும் அறிந்தது. நடை கெடுவது இந்த நோயின் கடைசிக் கட்டத்துச் சங்கதி என்றுதான் மருத்துவ உலகிலும் நெடுங்காலம் நம்பினார்கள். நோயாளிகளை நிற்கவைத்தும் நடக்கவைத்தும் அளந்து பார்த்த பிறகு அந்த நம்பிக்கை மாறியது. பொதுவாக 65 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுகிறார்கள். விழுந்து இடுப்பு முறிந்தால் மீண்டும் எழுந்து நடமாடும் வாய்ப்பும் அவர்களுக்குத்தான் குறைவு. மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி மறுநாள் காலையில் நினைவில் இருக்காது. கால் முறிந்திருக்கிறது என்பதே நினைவில் இல்லாமல் கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார்கள்.

நிற்பது சும்மா நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிற்கிற ஒவ்வொரு நொடியும் உடம்பு லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தை அடக்கி வைப்பது மூளை. அதற்குத் தகவல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதமும் மூட்டும் தசையும். மூன்றும் எப்போதும் ஒரே தகவலைச் சொல்வதில்லை. இருட்டில் கண் உதவாது, பாதத்தை நம்பவேண்டும். சேற்றில் பாதம் உதவாது, கண்ணை நம்பவேண்டும். எந்த நேரத்தில் எதை நம்புவது என்று எடைபோட்டு முடிவுசெய்கிற வேலை மூளையுடையது.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில், கிளம்பாத பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து பஸ் மெல்ல நகர்கிறது. நம்முடையதுதான் நகர்கிறது என்று ஒரு நொடி உடம்பு துணுக்குறும். அடுத்த நொடியே, கண் ஏமாற்றுகிறது என்று மூளை கண்டுகொள்ளும். இதே சோதனையை ஆய்வுக்கூடங்களில் செய்து பார்த்தார்கள். நிற்பவரைச் சுற்றியிருக்கும் காட்சியை மட்டும் அசைத்தார்கள். நலமான முதியவர்கள் காலை நம்பி நின்றுகொண்டார்கள். அல்சைமர் வந்தவர்கள் கண்ணை நம்பிச் சாய்ந்தார்கள். அவர்கள் கண்ணும் காலும் தகவலைச் சரியாகத்தான் அனுப்புகின்றன. எடைபோடுகிற இடத்தில்தான் பழுது. காலில் பலம் இருந்தும் பெரியப்பா சமதரையில் ஏன் விழுந்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில் ஸ்வீடனிலிருந்து வந்தது. உமியோ நகரத்து ஆய்வாளர்கள் 1997இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பராமரிப்பு இல்லத்து முதியவர்கள் 58 பேரை நடக்கவைத்து, கூடவே நடந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் சோதனை. 12 பேர் பதில் சொல்வதற்காக நடப்பதை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்துவிட்டார்கள்.

அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இடுப்பு முறிவதற்கு முந்தைய இரண்டு வருஷம் பெரியப்பா தெருவில் நடந்து போவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். “இன்னா பெரியப்பா, சாப்டாச்சா?” என்று யாராவது கேட்டால் நின்றுவிடுவார். முழுசாக நின்று, கேட்டவர் பக்கம் திரும்பி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, “ஆச்சுப்பா, நீ சாப்டியா?” என்பார். அதன் பிறகுதான் அடுத்த அடி. மனுஷனுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வரப்பில் நாற்றுக்கட்டோடு பேசிக்கொண்டே போனவருக்கு, தார்ச்சாலையில் பேசுவதற்கு நிற்கவேண்டியிருந்தது. நமக்கு நடை தானாக நடக்கிறது. அவருக்கு ஒவ்வொரு அடியும் யோசித்து வைக்கிற அடியாகிவிட்டிருந்தது. யோசனையைப் பேச்சுக்குக் கொடுத்தால் காலுக்கு மிச்சமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீட்டில் புதிதாக டைல்ஸ் போட்டபோது வாசலுக்குக் கறுப்பு மிதியடி ஒன்று வாங்கிப்போட்டார்கள். அதற்கு முன்னால் வந்ததும் பெரியப்பா நிற்பார். கைத்தடியால் மெல்லத் தட்டிப்பார்ப்பார். பிறகு வாய்க்காலைத் தாண்டுவதுபோல் காலை உயரத் தூக்கி அகல வைப்பார். பேரப்பிள்ளைகள் சிரிக்கும். அவர் கண்ணுக்கு அது மிதியடியாகத் தெரியவில்லை, பள்ளமாகத் தெரிந்தது. ஆழத்தையும் தூரத்தையும் நிறத்தையும் பிரித்துச் சொல்கிற மூளைப் பகுதிகளையும் அல்சைமர் விடுவதில்லை. பளபளக்கும் டைல்ஸ் தண்ணீர்போலத் தெரியும். ஒரே வெள்ளையாக இருக்கும் கழிப்பறையில் படி எது, தரை எது என்று தெரியாது. பழைய ஓட்டு வீட்டில் பெரியம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். சாணம் மெழுகிய தரையில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். அந்த வீட்டு நிலைப்படி முக்கால் அடி உயரம். அதில் பெரியப்பா ஒருநாளும் தடுக்கி விழவில்லை. படி விளிம்பில் எடுப்பான நிறத்தில் பட்டை அடியுங்கள் என்று இன்றைய முதியோர் மருத்துவம் சொல்கிறது. இந்த நோய்க்காக யாரும் மஞ்சள் பூசவில்லைதான். ஆனாலும் அது அவர் காலைக் காப்பாற்றியிருக்கிறது.

இவ்வளவும் ஏன் முன்பே தெரியவில்லை என்ற கேள்விக்கு வேலூரில் நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 65 வயதைக் கடந்த 1,000 பேரைச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். வளரும் நாடுகளுக்கென உருவாக்கப்பட்ட அளவுகோலின்படி நூற்றுக்கு 10.6 பேருக்கு மறதி நோய் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலின்படி நூற்றுக்கு 0.8 பேருக்குத்தான் இருந்தது. அதே ஊர், அதே மனிதர்கள்! இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம், இரண்டாவது அளவுகோல் மறதியால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா என்று கேட்பதுதான். நம் குடும்பங்கள் இல்லை என்று சொல்லிவிடுகின்றன. வயதானவரிடம் கடைக்கணக்கையோ வங்கிப் புத்தகத்தையோ நாம் கொடுத்து வைப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. அதை அவர் மறதியோடும் செய்துவிடுவார்.

வேலூருக்குப் பத்தாண்டு முன்பே, சாலவாக்கத்தை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. திருப்போரூர்ப் பகுதியில் எஸ். ராஜ்குமார், எஸ். குமார், ஆர். தாரா ஆகியோர் 60 வயதைக் கடந்த 750 பேரைப் பார்த்து, நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதி நோய் இருப்பதாக 1997இல் எழுதினார்கள். கிராமத்து இந்தியாவில் இந்த நோய் உண்டு என்று சொன்ன தொடக்ககால ஆய்வுகளில் அது ஒன்று. 2023இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு, 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர் என்கிறது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில்தான் அதிகம் என்றும் அது சொல்கிறது.

மறதியை நாம் கவனிப்பதில்லை. ஆனால் விழுவதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. சத்தம் கேட்கும், அக்கம்பக்கம் ஓடிவரும், ஆட்டோ பிடிக்கவேண்டும், செலவாகும். கிராமத்தில் இந்த நோய் தன்னைக் காட்டிக்கொள்கிற முதல் வாசல் விழுவதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே போகிறது. நினைவாற்றலில் குறையே தெரியாத முதியவர்கள் 125 பேரை ஓராண்டு கவனித்தார்கள். அல்சைமருக்குரிய புரதப் படிவு மூளையில் சேரத் தொடங்கியிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமாக விழுந்தார்கள். மறதி தலைகாட்டும் முன்பே கால் சொல்லிவிடுகிறது.

விழுகிற முதியவர்கள் எல்லோருக்கும் அல்சைமர் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். கேட்டுப் பார்க்கவேண்டும் என்று நான் மன்றாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வைட்டமின் பி12 குறைந்தால் மறதியும் வரும், பாதத்தின் உணர்வும் போகும். ஊசி போட்டால் மாறக்கூடியது. பல வருஷச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கும். கண்புரை முற்றியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரை அதிகமாகி, படுத்து எழுந்தவுடன் தலை சுற்றும். முன்பு விழுந்தபோது தலையில் அடிபட்டு, மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டி, அதனாலேயே மறதி வந்திருக்கும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. “வயசாச்சு” என்று சொல்லிவிட்டால் இத்தனை கதவும் சாத்திக்கொள்ளும்.

சரி, எங்கே போய்க் கேட்பது? திருமுக்கூடலிலிருந்து சாலவாக்கம் வருகிற சாலையில் இப்போது கல் குவாரி லாரிகள்தான் ஓடுகின்றன. அந்தத் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 950 ஆண்டுப் பழமை. அங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் நடந்த ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 கட்டில்கள் இருந்தன, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொண்டுவர இருவர், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள் இருவர் இருந்தார்கள் என்று அது சொல்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற ஊரில், நடந்து போகிற தூரத்தில், கவனிக்க ஆளோடு ஓரிடம் இருந்திருக்கிறது. இந்தக் காலத்தில் சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கிப் போட்ட பாதை அது. பெரிய சாதனைதான். ஆனால் நான்கு அடி நடந்தால் விழுகிறவரைச் சாலவாக்கத்திலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து ரயிலில் கிண்டி என்று எப்படிக் கூட்டிப்போவது?

வீட்டுக்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். இந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பெரியப்பாவை மறுபடி எழுப்பி நிற்கவைத்தது அப்படி வந்த ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்தான். ஆனால் அவர் வந்தது இடுப்பு முறிந்த பிறகு. மாத்திரை கொடுக்க வரும்போதே, “இந்த ஆறு மாசத்துல விழுந்தீங்களா தாத்தா?” என்று அவரிடமும், “மறதி இருக்குதா?” என்று வீட்டாரிடமும் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்கிற சோதனைக்குக் கைக்கடிகாரம் ஒன்று போதும். உமியோவின் சோதனைக்கு அதுகூட வேண்டாம். கூடவே நடந்து, ஒரு கேள்வி கேட்டால் போதும். இரண்டிலும் தடுமாறுகிறவரின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனால், இடுப்பு முறிவதற்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் வருவார்.

வந்து என்ன செய்ய முடியும், மூளை நோய்தானே என்று கேட்பார்கள். பின்லாந்தில் வீட்டில் வாழும் அல்சைமர் நோயாளிகள் 210 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. வாரம் இரண்டு முறை பயிற்சியாளரிடம் உடற்பயிற்சி செய்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். வீட்டிலேயே பயிற்சி பெற்றவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் திறனையும் மெதுவாகவே இழந்தார்கள். நோய் போகவில்லை. கால் காப்பாற்றப்பட்டது. பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, பக்கவாட்டில் நடப்பது. “இன்னிக்கு இதைச் செய்” என்று சொன்னால் மறந்துவிடுவார். பெரியம்மா எதிரில் நின்று செய்தால் பார்த்துச் செய்வார்.

இந்த இடத்தில் ஊரில் நடக்கிற ஒரு தவறைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு முறை விழுந்துவிட்டால், “எழுந்துக்காத, வுழுந்துடுவ” என்று கட்டிலோடு உட்காரவைத்துவிடுகிறோம். அன்புதான் காரணம். ஆனால் நடக்காத கால் சில வாரத்தில் சூம்பும். பிறகு அவர் எழும்போது நிச்சயமாக விழுவார். இரவில் எழுந்து நடமாடுகிறார் என்று தூக்க மாத்திரை வாங்கிக்கொடுப்பதும் அப்படித்தான். அரைத் தூக்கத்தில் எழுகிறவர், மாத்திரை இல்லாமல் எழுகிறவரைவிட எளிதில் விழுவார். மருத்துவர் எழுதித் தராத எதையும் கொடுக்காதீர்கள், எழுதித் தந்ததையும் இவர் விழுகிறார் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடக்கும்போது நடக்க விடுங்கள், பேச்சு உட்கார்ந்த பிறகு இருக்கட்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2024இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. ஊருக்கு ஊர் கான்கிரீட் வீடுகள் எழும்புகின்றன. கழிப்பறைகள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, உயரமான ஒற்றைப் படியோடு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் நிற்கின்றன. அரசுப் பணத்தில் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கழிப்பறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, படி விளிம்பில் மஞ்சள் பட்டை, வழியில் ஒரு விளக்கு கட்டாயம் என்று ஓர் ஆணை போட்டால் போதும். இன்று அந்த வீட்டில் குடியேறுகிற நாற்பது வயதுக்காரருக்கும் அது ஒருநாள் வேண்டியிருக்கும்.

பெரியப்பா இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். என் பெயர் சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது. சாயங்காலம் கழனிப் பக்கம் பார்த்தபடி திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டுக் கழிப்பறைச் சுவரில் இரண்டு ஸ்டீல் கம்பி பொருத்தியிருக்கிறோம். கொத்தனார் ஒருவர் அரை நாளில் முடித்துவிட்டார். அதைப் பொருத்தியது, அவர் இடுப்பு முறிந்து ஏழு மாதம் கழித்து.